நோ, நோ, சுகர்

போன மாசி மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஸ்காபரோவில், எங்கள் அப்பார்ட்மென்டிலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு பிளாசாவின் சீனச் சாப்பாட்டுக் கடை. நானும் என் சிநேகிதிகள் இருவரும் அங்கே சாப்பிடப் போயிருந்தோம். அன்று நடந்ததை மற்றவர்களுக்குச் சொல்லும்போது பாதியில் சிரிப்பு வருகிறது, மீதியில் உடம்பு நடுங்குகிறது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் மூவரும் ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கியவர்கள். இப்போது ஒருத்தி ஸ்ரௌவ்வில் என்ற ஊரில் வீடு வாங்கிப் போய்விட்டாள். மாதத்தில் ஒரு தடவை காரை எடுத்துக்கொண்டு எங்களைப் பார்க்க வருவாள். அவளுக்குத் தாராளமான கை, மூன்று பேருக்கு ஆறு பேரின் சாப்பாட்டைச் சொல்லிவிட்டுத்தான் உட்காருவாள். மற்றவள் என்னைப் போல ஸ்காபரோவாசி. கைத்தொலைபேசியில் வருகிற உடல்நலக் குறிப்புகளையெல்லாம் ஒன்றுவிடாமல் வாசித்து அரை வைத்தியராகிவிட்டவள். அரை வைத்தியரைப் பற்றி நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. அன்று அது எனக்கு நினைவுக்கு வரவில்லை.

எனக்கு நீரிழிவு வந்து மூன்று வருடம். எங்கள் ஆட்கள் அந்த வருத்தத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அவவுக்குச் சுகர்' என்றால் போதும், கேட்பவர் தலையாட்டிவிடுவார். இரண்டு கிழமைக்கு முன்தான் குடும்ப வைத்தியர் எனக்குக் குளிசையை மாற்றியிருந்தார். சாப்பாட்டோடு எடுக்க வேண்டும் என்று மருந்துக் கடையில் படித்துப் படித்துச் சொல்லித்தான் தந்தார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். ஆனால் அன்று வெளியே சாப்பிடப் போகிறோமே, காலையில் பட்டினி கிடந்தால் மத்தியானக் கணக்கு சரியாகும் என்று ஒரு யோசனை. தேநீர்கூட வெறும் தேநீர்தான். போனதும் சாப்பிடத்தானே போகிறேன் என்று குளிசையை வீட்டிலேயே போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

கடையில் நல்ல சனம். மெனுவைத் திறந்ததும் குழப்பம் தொடங்கிவிட்டது. "சோஸ் எல்லாம் சீனி. சோறு வேண்டாம். நூடில்ஸ் அதைவிட மோசம்," என்று அரை வைத்தியர் ஒரு பக்கம். "மாசத்தில ஒரு நாள் சாப்பிட்டா ஒண்டும் செய்யாது. பொரிச்ச கோழி சொல்லட்டே?" என்று ஸ்ரௌவ்வில்காரி மறு பக்கம். வைத்தியர் ஒன்று சொன்னார், உணவு ஆலோசகர் வேறொன்று சொன்னார், யூரியூப்பில் ஒருவர் இரண்டும் பிழை என்றார். ஒரு மனிதர் என்னதான் சாப்பிடுவது? கடைசியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அவித்த மரக்கறியும் தெளிந்த சூப்பும் மட்டும் போதும், சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "உது என்னடி, மாடு மேயிற மாதிரி," என்றாள் ஸ்ரௌவ்வில்காரி. எனக்கு உள்ளுக்குள் பெருமை. இந்த மேசையில் அறிவாகச் சாப்பிடுகிறவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாடு வரவில்லை. பக்கத்து மேசைக்கு வந்தது, அடுத்த மேசைக்கு வந்தது, எங்களுக்கு வரவில்லை. எனக்கு வியர்க்கத் தொடங்கியது. வெளியே பனி கொட்டுகிறது, நான் குளிர்ச்சட்டையைக் கழற்றிவிட்டு மெனுவால் விசிறிக்கொண்டிருக்கிறேன். "அந்த வயசு வந்திட்டுதெல்லே, இனி இப்பிடித்தான் சூடு அடிக்கும்," என்று இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நடந்ததில் பாதி, அவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மெனுவில் எழுத்துகள் இருந்தன, ஆனால் ஒன்றையும் வாசிக்க முடியவில்லை. எனக்கு நான் ஒரு பஸ்ஸில் இருப்பதுபோல இருந்தது. "என்னை அடுத்த ஸ்ரொப்பில இறக்கி விடுங்கோ," என்று சொன்னேனாம். பகிடி விடுகிறேன் என்று அவர்கள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். மூன்றாம் தடவையும் அதையே சொல்லி, ஏன் மணி அடிக்கவில்லை என்று கோபப்பட்டு, தண்ணீர்க் கிளாஸைத் தட்டிவிட்ட பிறகுதான் அவர்களுக்குப் பயம் வந்தது.

"இவளுக்குச் சுகர் ஏறிட்டுது," என்றாள் அரை வைத்தியர். எழும்பி நின்று பரிமாறுகிற பெண்ணைப் பார்த்து, "ஹெல்ப்! ஷீ ஹாஸ் சுகர்! சுகர்!" என்று கத்தினாள். எங்கள் வயதை ஒத்த சீனப் பெண் அவர். அவருடைய ஆங்கிலமும் எங்கள் ஆங்கிலமும் ஒரே அளவுதான். கத்தியதைக் கேட்டுப் பதறி, ஒரு கேத்தலில் சுடுதேநீர் கொண்டு ஓடி வந்தார். அரை வைத்தியர் இரண்டு கையையும் ஆட்டினாள். "நோ, நோ, சுகர்!" அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உள்ளே ஓடி, ஒரு பெரிய கிளாஸில் தோடம்பழச் சாறும் சீனிப் போத்தலும் கொண்டுவந்தார். சாற்றுக்குள் சீனியைக் கொட்டிக் கலக்கத் தொடங்கினார். அதைப் பார்த்த அரை வைத்தியருக்கு உயிரே போய்விட்டது. "நோ, நோ, சுகர்! சுகர்!" என்று இன்னும் பலமாகக் கத்தினாள். அந்தப் பெண், "ஓகே, ஓகே," என்று இன்னும் இரண்டு கரண்டி போட்டார்.

கலக்கிய கிளாஸை என் வாயருகே அவர் நீட்ட, அரை வைத்தியர் அதைப் பிடித்து இழுக்க, ஸ்ரௌவ்வில்காரி இடையில் புகுந்தாள். "பாவம், நா வறண்டு போச்சு. குடிக்க விடடி," என்று கிளாஸைப் பறித்து எனக்குப் பருக்கினாள். யாராவது எதையாவது சாப்பிடாமல் இருந்தால் அவளுக்குப் பொறுக்காது. முழுவதையும் குடித்து முடித்தேனாம்.

கடையில் யாரோ கூப்பிட்ட அம்புலன்ஸ் வந்தபோது மெனுவில் எழுத்துகள் திரும்ப எழுத்துகளாகிக்கொண்டிருந்தன. விரலில் குத்திப் பார்த்தார்கள். அவ்வளவு சீனி குடித்த பிறகும் என் சுகர் குறைவாகத்தான் இருந்தது. ஏறவில்லை, பாதாளத்துக்கு இறங்கியிருக்கிறது. வெறும் வயிற்றில் போட்ட குளிசையின் வேலை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் மயங்கி விழுந்திருப்பேன், அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது என்றார்கள். சீனி கொடுக்கச் சொன்னது யார் என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அந்தச் சீனப் பெண் அரை வைத்தியரைக் கை காட்டினார். "குட் ஜொப்," என்று அம்புலன்ஸ்காரர் இவளுடைய தோளில் தட்டினார். இவள் ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள். ஏன் அழுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை, அப்போது எனக்கும் விளங்கவில்லை.

அந்தக் குளிசை திரும்பவும் சுகரை இழுத்து விழுத்தக்கூடும் என்று ஆஸ்பத்திரியில் இரவுவரை வைத்திருந்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து, "நான் உன்னைக் கொல்லப் பாத்தனடி," என்று அவள் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஏசலாம் என்று நினைத்தேன். ஆனால் அவள் கத்தாமல் இருந்திருந்தால் அந்தச் சீனி வந்திருக்காதே. "நீ கத்தினபடியால்தானே நான் இருக்கிறன்," என்றேன். அது அவளுக்கு ஆறுதலா தண்டனையா என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து மூவரும் அதே கடைக்குப் போனோம். அந்தப் பெண்ணுக்கு நன்றி சொன்னேன். அவர் வெட்கப்பட்டு, உங்கள் ஆட்களுக்கு நல்ல இனிப்பு வேண்டும் போல என்றுதான் நினைத்தேன் என்றார். அப்படியில்லை, சுகர்தான் என் வருத்தம் என்று தட்டுத்தடுமாறி விளக்கினேன். அவருடைய முகம் வெளிறிவிட்டது. வருத்தக்காரிக்கா சீனி கொடுத்தேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்கத் தொடங்கிவிட்டார். நான் நன்றி சொல்லச் சொல்ல, அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஸ்ரௌவ்வில்காரிதான் பொரித்த கோழி சொல்லி அந்தக் கதையை முடித்து வைத்தாள்.

அன்று அவித்த மரக்கறியோடு ஒரு சின்னக் கோப்பை சோறும் சொன்னேன். கோழியில் ஒரு துண்டு எடுத்தேன். குளிசை மாறிவிட்டது, ஆனாலும் சாப்பாடு மேசைக்கு வந்த பிறகுதான் அதைக் கைப்பையிலிருந்து எடுத்தேன். இப்போதும் அப்படித்தான். எது நல்ல சாப்பாடு என்ற குழப்பம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஒன்று மட்டும் தெரியும். அன்று ஒருத்தி பிழையாகச் சொன்னாள், ஒருத்தி பிழையாகக் கேட்டாள், ஒருத்தி ஒன்றும் தெரியாமல் பருக்கினாள், மூவரும் சேர்ந்து என்னை உயிரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்த மேசையில் எல்லாம் சரியாகச் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு செத்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான்.