பேர் கேட்கப் பழகியவள்

"அந்தப் புள்ள பஸ்ஸில தூங்கித் தூங்கியே மிஸ்ஸியானவ." எங்கள் ஊர் குருக்கள்மடத்தில் பிரஷாந்தியைப் பற்றிக் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள். தாதியை எங்கள் பக்கம் மிஸ்ஸி என்பார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. காலை பஸ்ஸில் இருக்கை கிடைத்தால் ஆரையம்பதி வருமுன்னே தலை சாய்ந்துவிடும். காத்தான்குடி நெரிசலில் பஸ் நகராமல் நிற்கும் நேரம்தான் அவளுக்கு நல்ல நித்திரை. மற்றவர்களெல்லாம் டிரைவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

அவள் எனக்குப் பக்கத்து வளவு வீட்டுக்காரி. புருஷன் உதயரூபன் வாவியில் வலை போடுகிறவர். ஒரு நாள் தோணிக்குள்ளேயே மயங்கி விழுந்தார். பிரஷர் என்றார்கள், தனியாக வாவியில் இறங்கக் கூடாது என்றும் சொன்னார்கள். அதோடு வீட்டில் வருமானம் அரைவாசியாகிவிட்டது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டிருந்த பிரஷாந்தி, முப்பத்தாறு வயதில், டவுனில் தாதி உதவியாளர் பயிற்சிக்குச் சேர்ந்தாள்.

பாதி வகுப்பு, பாதி ஒரு தனியார் ஆஸ்பத்திரி வாட்டில் வேலை. கூடப் படித்ததெல்லாம் சின்னப் பெட்டைகள். இவளை 'அன்ரி' என்று கூப்பிட்டார்கள். நோயாளியைக் கட்டிலில் வைத்தபடியே விரிப்பை மாற்ற வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மலச்சட்டி எடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்ற கால் பின்னேரம் வீங்கி, சப்பாத்தைக் கழற்றுவதே ஒரு வேலையாகிவிடும். வீட்டுக்கு வந்தால் உலை காத்திருக்கும். ஒரு நாள் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்தபடியே நித்திரையாகிவிட்டாள். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

"இந்த வயசில ஏன்கா இந்தப் பாடு?" என்று கேட்டேன்.

"மறுகா ஆரு சம்பளம் கொண்டு வாற? நீங்களா அக்கா?"

ஆறிப்போன சோற்றை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

இவ்வளவும் பட்டுக் கடைசியில் செய்முறைப் பரீட்சைக்குப் போனாள். ஒரு நோயாளியைக் கட்டிலிலேயே குளிப்பாட்டி, பிரஷர் பார்த்து, மருந்துக் குளிசை கொடுக்க வேண்டும். அவளுக்குக் கிடைத்தது காலில் சீனி வியாதிப் புண்ணோடு படுத்திருந்த ஒரு கிழவி. பரீட்சை எடுத்த சர்மிலா மிஸ் கைகட்டிக்கொண்டு நின்று பார்த்தார்.

பிரஷாந்தி கதை கொடுத்துக்கொண்டே வேலை செய்தாள். எந்த ஊர் என்று கேட்டாள். மண்டூர். தாய்வழிக் குடி எது, மகளோடா இருக்கிறீர்கள், வயல் வட்டைக்கு இந்தப் போகம் தண்ணீர் வந்ததா என்றெல்லாம் கேட்டாள். கிழவிக்கு வந்த வருத்தமே மறந்துபோயிற்று. தண்ணீரின் சூடு சரி, துடைத்த விதம் சரி, பிரஷர் சரி. கிழவி குளிசையை விழுங்கி, "தங்கமான புள்ள" என்று தாடையைத் தடவினாள்.

சர்மிலா மிஸ் கேட்டார்: "இவட பேர் என்ன?"

பிரஷாந்திக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, அவளே கேட்காத பேரை நான் எங்கே போய்க் கேட்பது? எங்கள் பக்கத்தில் வயதுக்கு மூத்தவரின் முகத்தைப் பார்த்துப் பேர் கேட்பது வாய்த்துடுக்கு. ஊரையும் குடியையும் கேட்டு, முறை பிடித்து, மாமி என்றோ பெரியம்மா என்றோ கூப்பிட்டால் போதும். ஆயுசு முழுக்கப் பேர் தெரியாமலே பழகிவிடலாம்.

"குளிசை குடுக்க முதல் பேரைக் கேட்டு, மருந்துச் சீட்டுத் துண்டோட சரி பாக்கணும்" என்றார் மிஸ். "பக்கத்துக் கட்டில்காரிட குளிசை இவட வயித்துக்குள்ள போனா, குடியா வந்து காப்பாத்தும்?"

அவர் சொன்னதில் பிழையில்லை. அதுதான் பிரஷாந்திக்கு இன்னும் வலித்தது. பெட்டைகளெல்லாம் தேறினார்கள். அன்ரி மட்டும் திரும்பவும் வாட்டு வேலை செய்து, திரும்பவும் பரீட்சைக்கு வர வேண்டும். அன்று பஸ்ஸில் அவள் தூங்கவில்லை.

பேர் கேட்கும் கூச்சம் போக என்னிடம்தான் பழகினாள். வேலியோரம் வந்து நின்று, "உங்கட முழுப் பேரைச் சொல்லுங்க" என்பாள். இத்தனை வருசம் அக்கா என்று கூப்பிட்டவளுக்கு முன்னால் என் பேரைச் சொல்ல எனக்கே வெட்கம் வந்தது. ஆனாலும் தினமும் சொன்னேன். இரண்டாம் முறை தேறிவிட்டாள்.

தேறியதும் வேலை வந்துவிடும் என்று நினைத்தது எங்கள் மடமை. அரசாங்க ஆஸ்பத்திரித் தாதி வேலைக்கு வேறு படிப்பு வேண்டும். தனியார் இடங்களில் ஒன்று, வயது கூட என்றது. இன்னொன்று, அனுபவம் எங்கே என்றது. ஒரு மருந்தகத்தில் கூட்டித் துடைக்கவும் தேத்தண்ணி போடவும் சம்மதமா என்று கேட்டார்கள். மாதக்கணக்கில் அலைந்தாள். உதயரூபன் சொல் கேளாமல் தனியாக வாவிக்குப் போகத் தொடங்கினார். அவர் தோணி கரைக்கு வரும்வரை இவள் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பாள்.

கடைசியில் நாவற்குடாவில் ஒரு முதியோர் இல்லத்தில் எடுத்தார்கள். பொறுப்பாக இருந்த லூர்தம்மா, "மூணு மாசம் பாப்பம், சரிவந்தா நிரந்தரம்" என்றார்.

அங்கேதான் கண்ணகை அம்மா இருந்தார். வாவிக்கு அந்தப் பக்கத்துப் படுவான்கரைக்காரி, ஞாபகம் மங்கியவர். குளிசை கொண்டு போகிறவர்களின் கையைத் தட்டிவிடுவார். பிரஷாந்தி படித்தபடியே முதலில் பேரைக் கேட்டாள்.

"என்ட பேரை ஏன்டி கேக்கிறாய்? நீ ஆருட புள்ள?"

குளிசை நிலத்தில் உருண்டது. நாலைந்து நாள் இதே கதை. மூன்று மாதம் கழியுமுன் தன்னை அனுப்பிவிடுவார்கள் என்று பிரஷாந்தி பயந்துபோனாள். பிறகொரு நாள் அலுத்துப்போய், கட்டில் விளிம்பில் குந்தி, கேட்ட கேள்விக்கே பதில் சொன்னாள். தன் ஊரைச் சொன்னாள், தாயின் பேரைச் சொன்னாள், குடியைச் சொன்னாள்.

கிழவி எழுந்து உட்கார்ந்தார். "நம்மட குடியா? அப்ப நீ எனக்கு மகள் முறை."

"ஓம் பெரியம்மா. இப்ப நீங்க சொல்லுங்க, உங்கட பேர் என்ன?"

"கண்ணகை" என்று வாயைத் திறந்தார். பிரஷாந்தி துண்டோடு சரி பார்த்துக் குளிசையைப் போட்டாள்.

மறுநாள் கிழவிக்கு எல்லாம் மறந்திருந்தது. திரும்பவும் ஊரிலிருந்து தொடங்க வேண்டும். காலை, பகல், பின்னேரம், ஒவ்வொரு தடவையும். மற்றவர்கள் கையால் வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்ததால் பிரஷாந்திக்கு லீவு எடுப்பதும் கஷ்டமாயிற்று. நன்றாகச் செய்ததற்குக் கிடைத்தது இன்னும் கொஞ்சம் வேலை. எனக்குக் கேட்கவே எரிச்சலாக இருந்தது. அவள் எரிச்சல்படக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள்.

மூன்று மாதம் முடிந்த அன்று பின்னேரம் நான் அவர்கள் வீட்டுக்குக் கறி கொண்டு போயிருந்தேன். பிரஷாந்தி பஸ்ஸால் இறங்கி வந்து, சப்பாத்தோடேயே சுவரில் சாய்ந்து குந்திவிட்டாள். என்ன நடந்தது என்று கேட்க எங்கள் இருவருக்கும் பயம். உதயரூபன் தன் பிரஷர் குளிசைப் பெட்டியை எடுத்து வந்து அவளிடம் நீட்டினார், ஒரு நாளும் தானாக எடுத்துப் போடமாட்டார். அவள் ஒன்றை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு சொன்னாள்:

"முழுப் பேரைச் சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு. "எனக்கு முன்னால நீ ஒரு நாளும் வாயால சொல்லாத பேரை நான் சொல்லணுமா?"

அவள் சிரிக்கவில்லை. கையை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"அருமைநாயகம் உதயரூபன்" என்றார் அவர். குளிசை கைமாறியது. "இப்ப நீ சொல்லு பாப்பம், மிஸ்ஸிட முழுப் பேர் என்ன?"

"உதயரூபன் பிரஷாந்தி" என்றாள். கண் மூடியபடியே இன்னும் ஒரு சொல் சொன்னாள். "நிரந்தரம்."

தன் பேர் அவள் வாயில் வந்ததற்கு வியப்பதா, வேலைக்குச் சந்தோசப்படுவதா என்று தெரியாமல் அவர் குளிசையோடு நின்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏதாவது சொல்லலாம் என்று அவர் திரும்பும்போது அவள் நித்திரையாகியிருந்தாள். அவர் குளிசையை வாயில் போட்டுக்கொண்டு, குனிந்து, அவள் காலிலிருந்து சப்பாத்தை மெதுவாகக் கழற்றினார்.