லுபாபாவின் ஏழு பேரீச்சைகள்

லுபாபாவின் கதையைச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் எங்கள் ஊர் அஸ் எய்லாவில் கிடையாது. ஒன்பது வருஷமாக அவளைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருப்பவள் நான். பிடித்தவர்கள் ஒருத்தியை இவ்வளவு உன்னிப்பாகக் கவனிப்பார்களா, என்ன?

அவள் ஆட்டுக்காரி. நூற்றுநாற்பது ஆடுகளோடு குபாத் சமவெளி முழுக்கத் திரிந்தவள். அடுத்தடுத்து வந்த இரண்டு பஞ்சத்தில் ஆடுகள் போயின, காய்ச்சலில் புருஷனும் போனான். மூன்று ஆடுகளோடும் ஹுமத் என்கிற ஒரே மகனோடும் எங்கள் கிணற்றடிக்கு வந்து நின்றாள். மகன் ஜிபூட்டித் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போய்விட்டான். இவளுக்கு என் தோட்டத்தை ஒட்டியே ஒரு துண்டு நிலம் கொடுத்தார்கள்.

கொடுத்தவர்கள், அக்கம்பக்கத்து நாடுகள் சேர்ந்து நடத்திய விவசாயத் திட்டக்காரர்கள். பேரீச்சங்கன்று வளைகுடாவிலிருந்து கப்பலில் வந்தது. வெங்காய விதை எத்தியோப்பியாவிலிருந்து லாரியில் வந்தது. சொல்லிக்கொடுக்க சூடானிலிருந்து பாபிகர் உஸ்தாத் வந்தார். வெயில் மட்டும்தான் எங்களுடையது.

எனக்கு அப்பா காலத்திலிருந்தே தோட்டம் உண்டு. லுபாபாவோ மண்வெட்டியை ஆட்டுக்கோல் மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏடி, தோள்ல வெச்சிருந்தா அது தானா கொத்துமா?" என்று நான் கேட்டேன். கிணற்றடியே சிரித்தது.

அந்த வருஷமே அவளுடைய வெங்காயம் என்னுடையதைவிட இரண்டு மடங்கு பெரிது! ஆட்டுப் புழுக்கையை ஊறவைத்து ஊற்றினாளாம். புழுக்கை என் வீட்டிலும்தான் கொட்டிக் கிடக்கிறது, எனக்குத் தோன்றவில்லையே. பாபிகர் வேறு என்னிடமே வந்து, "மெதினாக்கா, லுபாபாக்கா பாத்திய ஒரு தடவ போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார். போனேன், பார்த்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

பேரீச்சையில் ஆளுக்கு ஏழு பெண் கன்றும் ஒரு ஆண் கன்றும் கொடுத்திருந்தார்கள். லுபாபாவின் ஆண் கன்றை அவளுடைய ஆடே தின்றுவிட்டது. அவள் கவலைப்படவில்லை.

"விடுடி. நூறு ஆட்டுக்கு ரெண்டு கெடா போதும். வேலிக்கு அந்தப் பக்கம் உன் கெடா நிக்குதே, அது பாத்துக்கும்."

மேய்ச்சல்காரப் புத்தி. நான் திருத்தவில்லை. எனக்கும் அப்போது அதற்குமேல் தெரியாது என்பது வேறு விஷயம்.

நாலாம் வருஷம் திட்டக்காரர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். யாருடைய மரம் முதலில் நன்றாகக் காய்க்கிறதோ அவர்களுக்கு ஓடையோர நிலமும் இன்னும் நாற்பது கன்றும். லுபாபாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"அந்த நெலம் வந்துட்டா ஒத்த ஆளு பாக்க முடியாதுடி. ஹுமத் வந்துருவான். இந்த வருஷம் வரைக்கும் பாப்பேன், இல்லேன்னா துறைமுகத்துலயே தங்கிருவேன்னு சொல்லிட்டான்."

அதே மாதம், எல்லைக்கு அந்தப் பக்கம் எத்தியோப்பியாவின் அசைத்தாவில் தோட்டக்காரிகள் கூட்டம் நடந்தது. நம் ஊரிலிருந்து ஒரு ஆள் போகலாம் என்றார்கள். யார் போனது? வேறு யார், லுபாபாதான்! மண்வெட்டி பிடிக்கத் தெரியாமல் வந்தவள் காரில் ஏறி உட்கார்ந்து எனக்குக் கையாட்டுகிறாள். எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

அவள் போயிருந்தபோதுதான் பாபிகர் எங்களுக்குப் பூக்கட்டச் சொல்லிக்கொடுத்தார். ஆண் மரத்துப் பூச்சரத்தை வெட்டி, பெண் பாளை வெடித்த மூன்று நாலு நாளுக்குள் அதற்குள்ளே செருகிக் கட்ட வேண்டும். காற்றை நம்பினால் பழம் தேறாது. ஊரிலேயே அந்த வருஷம் பூத்திருந்தவை என் மரங்களும் லுபாபாவின் மரங்களும்தான். கிளம்பும்போது என்னிடம், "லுபாபாக்கா வந்ததும் சொல்லிருங்க. உங்க மரத்துப் பூவுல ஏழு சரம் குடுத்துருங்க" என்றார். "சரி உஸ்தாது" என்றேன்.

மூன்றாம் நாள் லுபாபா வந்தாள். எங்கள் அஃபார் ஜனங்களில் இரண்டு பேர் சந்தித்தால் முதலில் தாகு. கண்டது கேட்டதெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்லியாக வேண்டும். மழை எங்கே, புல் எங்கே என்று அறிந்து நாங்கள் பிழைப்பதே அதனால்தான். தாகுவில் மறைத்தவர்களோடு அப்புறம் யாரும் பேசமாட்டார்கள்.

"சொல்லுடி, என்ன சேதி?"

சொன்னேன். மோட்டார் நின்றுபோய் மறுபடி ஓடியது, ஊர்த் தலைவர் தாத்தோ வீட்டுக் கல்யாணம், யாருடைய ஒட்டகம் தொலைந்தது, எல்லாம்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

வாய் கூசவில்லை. இப்போது கூசுகிறது. மறுநாள் உச்சிவெயிலில் எல்லோரும் படுத்திருந்தபோது என் ஆண் மரத்துப் பூவை ஒன்றுவிடாமல் வெட்டி, என் மரங்களுக்குக் கட்டிவிட்டு, மிச்சத்தை அடுப்பில் போட்டேன்.

பாபிகர் வேறு ஊர்களில் மாட்டிக்கொண்டு மூன்று மாதம் கழித்துத்தான் வந்தார். என் குலைகள் கனத்துத் தொங்கின. லுபாபாவின் ஏழு மரத்திலும் கொட்டையில்லாத சுண்டைக்காய் அளவுப் பிஞ்சுகள். தலைவர் தாத்தோவிலிருந்து எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"என்னக்கா இது? மெதினாக்காகிட்ட சொல்லிவிட்டேனே!"

அத்தனை கண்ணும் என்மேல். லுபாபா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"அவ சொன்னா உஸ்தாது. நான்தான் ஆட்டுப் புத்தியில காத்து பாத்துக்கும்னு விட்டுட்டேன்."

கிணற்றடிக்குப் போகும் வழியில் அவளை மறித்தேன். "எதுக்குடி அப்படிச் சொன்னே?"

"ஏன், உம்மேல பாசம்னு நெனச்சியா? தாகுவ மறைச்சவ நீன்னு தெரிஞ்சா உன்கூட யாருமே பேசக் கூடாதுன்னு ஆயிரும். அடுத்த வருஷம் உன் கெடா மரத்துப் பூவ அப்புறம் யாருகிட்ட போய்க் கேப்பேன்? வழிய விடு."

பெருந்தன்மையாக இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த நிமிஷத்திலும் என்னைவிட மூளையோடு நின்றாளே, அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது, பாருங்கள்.

ஓடையோர நிலம் எனக்கு வந்தது. அடுத்த வருஷம் அவளே கத்தியோடு வந்தாள், என் மரத்தில் நல்ல சரமாகப் பார்த்து வெட்டிக்கொண்டு போனாள். ஏழு மரமும் காய்த்தன. அவள் குலைதான் பெரிது, கேட்க வேண்டுமா!

அதற்குள் ஹுமத் துறைமுகத்திலேயே பெண் கட்டிக்கொண்டு, மாமனார் தயவில் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். "இனிமே அங்க வந்து என்னம்மா பண்றது" என்று லாரிக்காரனிடம் சொல்லியனுப்பினான்.

முதல் குலையை லுபாபா ஓலைப்பையில் அடுக்கிக் கட்டி, துறைமுகத்துக்குப் போகும் லாரிக்குத் தூக்கிவந்தாள். தனியாளாக ஏற்ற முடியவில்லை. மறுபக்கம் நான் பிடித்துத் தூக்கிவிட்டேன். லாரி போனபிறகும் அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஒன்பது வருஷத்தில் அவளிடம் பொறாமைப்பட எனக்கு ஒன்றுமே கிடைக்காத நாள் அது ஒன்றுதான். அதுவும் நான் செய்த காரியம்.