டவுன் பிள்ளையின் வயிறு

பெருங்குடல் அழற்சியோடு பல வருடம் குடும்பம் நடத்தியவள் நான். எங்கள் ஈப்போ நகரத்தில் எந்தக் கடைவளாகத்தில் எந்த மாடியில் கழிவறை இருக்கிறது என்று என்னைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்போது ஒரு மருந்து உடம்புக்கு ஒத்துக்கொண்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. முன்பு தொடவே பயந்த, எண்ணெய் வழியும் ரொட்டி சானாயைக் கண்டால்கூடச் சிரிப்பு வருகிறது. அந்தக் குஷியில்தான் வாயை விட்டேன்.

புதிதாக வந்த டாக்டரம்மா நான் எப்படி வளர்ந்தேன் என்று கேட்டார். கேட்க வேண்டுமா? எங்கள் வீட்டில் அது பெருமைக் கதை. ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்ச் செம்பனை நட்டபோது அம்மாவும் அப்பாவும் தோட்டத்தை விட்டு ஈப்போ பக்கத்து லகாட் டவுனுக்கு வந்தார்கள். டவுனில் பிறந்த முதல் பிள்ளை நான். தோட்டத்து மண் என் காலில் படக்கூடாது என்பது அம்மாவின் சபதம். டின் பால், கிருமிநாசினி கலந்த குளியல், வீட்டுக்குள்ளேயும் செருப்பு, தும்மினால் கிளினிக், கிளினிக் போனால் ஆன்டிபயாட்டிக். தோட்டத்து லய வீட்டு வாசலில் மண் தின்று வளர்ந்த அண்ணனுக்கோ இன்றைக்கும் கல்லைத் தின்றாலும் செரிக்கும்.

"சின்ன வயசுல குடல்ல சேர்ற நல்ல கிருமிங்கதான் உடம்பப் பழக்கும். அப்ப அடிக்கடி ஆன்டிபயாட்டிக் குடிச்சா பின்னால இந்த நோய் வர்ற வாய்ப்பு கூடலாம்னு சொல்றாங்க. ஆனா உங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு யாரும் சொல்ல முடியாது," என்றார் டாக்டர்.

முதல் பாதியை மட்டும் வீட்டில் நடித்துக் காட்டினேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப உன் வயித்தக் கெடுத்தது நான்தான்."

அதற்குப் பிறகு நான் எவ்வளவு சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை.

அடுத்த வாரம் வேலை முடிந்து வந்தால், போர்ட்டிக்கோவில் ஒரு மூட்டை மண் கொட்டிக் கிடந்தது. பழைய தோட்டத்திலிருந்து அண்ணன் காரில் ஏற்றி வந்ததாம். கூடவே இரண்டு கோழி. நடுவில் என் கைக்குழந்தை, மண்ணை அள்ளி வாயில் போட்டபடி ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா இது?"

"உனக்குத்தான் குடுத்து வைக்கல. இவளுக்காச்சும் இருக்கட்டும்."

"அண்ணே, நீயாச்சும் சொல்லக்கூடாதா?"

"நான் டிரைவர் மட்டும்தான் லா."

"செம்பனைக்கு அடிச்ச பூச்சி மருந்தெல்லாம் அந்த மண்ணுல இருக்கும்மா."

அம்மா பாய்ந்து குழந்தையைத் தூக்கிய வேகத்தில் கோழிகள் சுவரேறின. நான் குழாயைத் திறந்துவிட, போர்ட்டிக்கோ முழுக்கச் செஞ்சேறு. அண்ணன் வழுக்கி விழுந்தான். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. நோய் இல்லாமல் வயிறு வலிப்பது எவ்வளவு சுகம்! திரும்பிப் பார்த்தால், அம்மா குழந்தையின் வாயைத் துடைத்தபடி அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த முறை டாக்டரிடம் அவளையும் கூட்டிப் போனேன். சின்னதில் எதற்காக அத்தனை மருந்து கொடுத்தார்கள் என்று டாக்டர் அவளிடம் கேட்டார்.

"மொதல்ல நெஞ்சுச் சளி காய்ச்சல். அப்ப இவ கைப்பிள்ள. மூச்சு விட முடியல. மழையில மோட்டார் சைக்கிள்ல தூக்கிட்டு ஓடியாந்தோம். அதுலேர்ந்து இவ தும்முனாலே எனக்குப் பயம்."

எனக்கு இது தெரியாது. பெருமைக் கதையில் இந்தப் பகுதி இருந்ததே இல்லை.

"அன்னைக்கு அந்த மருந்து குடுக்கலன்னா இவங்க பொழைச்சிருப்பாங்களான்னே சொல்ல முடியாதும்மா," என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தாள்.

"அன்னைக்கு நீ அழக்கூட இல்லடி. அழுதுருன்னு உன்னக் கிள்ளிக்கிட்டே வந்தேன்."

ஆஸ்பத்திரி நடைபாதை என்றும் பார்க்காமல் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.