கறுப்புத் துணியில் ஒரு பச்சைத் தையல்

என் வகுப்பறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு கறுப்புத் துணிச் சுருள் இருக்கிறது. சுருட்டி வைத்தால் ஒரு தலையணை அளவுதான். விரித்தால் முப்பது மீட்டர். நடுவில் இரண்டு துண்டுகளைச் சேர்த்திருக்கும் தையல் ஒன்று மட்டும் கறுப்பு நூலில் இல்லாமல் கரும்பச்சையில் இருக்கும். வெயிலில் பிடித்துப் பார்த்தால்தான் தெரியும். அந்தத் தையல் என்னுடையது. ஆனால் அந்தத் துணி பல வருடம் வேறொருவரிடம் இருந்தது. அதைத் திரும்ப வாங்கிய கதையைச் சொன்னால் சக ஆசிரியைகள் என்னைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கிறார்கள். பார்க்கட்டும்.

மாண்டிசோரி வகுப்பில் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் பூமியின் வயதை எண்ணாகச் சொல்வதில்லை. எட்டு ஒன்பது சைபர் போட்டால் அந்த வயதில் என்ன புரியும்? அதனால் இந்தத் துணியை வெளியே எடுத்துப் போவோம். ஒருவர் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஆசிரியை சுருளைக் கம்பில் கோத்து, உருட்டி விரித்தபடியே நடப்பார். பிள்ளைகள் அவரோடு நடப்பார்கள். கடல் வந்தது, மீன் வந்தது, மரம் வந்தது என்று கதை போகும். மனிதன் எங்கே என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டே வருவார்கள். இன்னும் வரவில்லை, இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டே போனால், துணி முடியும் இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு சிவப்புப் பட்டை. அவ்வளவுதான் நாம். அதைப் பார்க்கும்போது பிள்ளைகளின் முகம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பதற்காகவே இந்த வேலைக்கு வரலாம்.

நான் ஆசிரியைப் பயிற்சி பெற்றது பெரம்பலூரில், பிள்ளைகளுக்கு வகுப்பும் நடத்திய ஒரு சென்டரில். வேப்பந்தட்டையிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். எங்களுக்குப் பயிற்சி தந்தவரை எல்லோரும் மேடம் என்போம். நல்ல குரல், நல்ல காட்டன் புடவை. பிள்ளைகளிடம் தேனாகப் பேசுவார். பயிற்சிக்கு வந்த பெண்களில் யார் எந்த ஊர் என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொண்டு, என்னை மட்டும் கடைசி வரை ஊர்ப் பெயரால் கூப்பிட்டார். வகுப்பறை மூலையில் பார்வையாளருக்கென்று ஒரு குட்டை நாற்காலி இருக்கும். அதில் உட்கார்ந்தவர் பேசக் கூடாது, எதையும் தொடக் கூடாது, கவனிக்க மட்டும் வேண்டும். நல்ல பழக்கம்தான். ஆனால் மேடம் அதைத் தண்டனைக்கு வைத்திருந்தார். நான் ஏதாவது கேள்வி கேட்டால் போதும். "வேப்பந்தட்டை, போயி கவனி" என்பார். நானும் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருப்பேன்.

பயிற்சியில் ஒரு விதி உண்டு. பாடம் நடத்தத் தேவையான பொருள்களை அவரவர் கையாலேயே செய்ய வேண்டும். தேர்வு அன்று அவற்றை வைத்துத்தான் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மற்றவர்கள் கறுப்புத் துணியைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். நான் அதை முதலில் எடுத்தேன். எங்கள் அண்ணி ரவிக்கை தைக்கிறவர். பாவாடைத் துணியை நீளவாக்கில் கிழித்துக் கொடுத்துவிட்டுத் தையல் மெஷினையும் என்னிடம் விட்டார். துணி மெஷினைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ஆட்டுக்குட்டி மேல் போய் விழுந்தது.

"என்னாடி இது, பூமாதேவிக்குப் பாவாடையா?" என்றார் அண்ணி.

"அவங்களுக்கு வயசு எத்தனைன்னு காட்டறதுக்கு அண்ணி."

"பொம்பள வயச இப்படியா ஊருக்கே விரிச்சுக் காட்டுவ?"

பாதியில் கறுப்பு நூல் தீர்ந்தது. அண்ணியின் பெட்டியில் கரும்பச்சைதான் இருந்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒரு இணைப்பை அதிலேயே தைத்தேன்.

துணியைக் கொண்டுபோன நாளிலேயே மேடம் அதைத் தடவிப் பார்த்தார். "நல்லாருக்கு. இது சென்டர்லயே இருக்கட்டும்" என்றார். பாராட்டு என்று நினைத்துப் பூரித்துப் போனேன், முட்டாள். அதற்குப் பிறகு துணியை விரிக்கும்போதெல்லாம் சுருள் மேடம் கையில், நுனி என் கையில். "நுனியப் புடிச்சுக்கம்மா. விட்டுடாத, சுருண்டுடும்." பிள்ளைகள் மேடத்தோடு தெருக்கோடிக்குப் போய்விடுவார்கள். நான் சென்டர் கேட் அருகே வெயிலில் நிற்பேன். தூரத்தில் ஒரே நேரத்தில் எல்லாரும் குனிவது தெரியும். ஒரு சத்தம் கேட்கும். நான் தைத்த சிவப்புப் பட்டையைப் பார்க்கிற ஒரு பிள்ளையின் முகத்தைக்கூட அந்த வருடம் நான் பார்த்ததில்லை.

தேர்வு நாளில் வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் அம்மா வந்தார். மேடம் வரவேற்புக்காகத் துணியை விரித்துக் காட்டினார். நுனியில் நான். கோடியில் தேர்வாளர் அம்மா ஏதோ கேட்பதும், மேடம் சிரித்துக்கொண்டே தன் நெஞ்சில் கை வைத்துச் சொல்வதும் தெரிந்தது. என் முறை வந்தபோது, அந்த அம்மா என் கணக்குப் பொருள்களைப் பார்த்துவிட்டு, காலத்தைக் காட்டும் துணி எங்கே என்று கேட்டார். அதுதான் வெளியே விரித்தது, நான் தைத்தது என்றேன். மேடம் இடைமறித்தார். "இவ ஹெல்ப்தான் பண்ணா. நல்ல பொண்ணுதான். இன்னும் ஒரு வருஷம் கவனிக்கட்டும்." அதே தேன் குரலில்தான் சொன்னார். என்னைத் தேர்ச்சி பெறாதவள் என்று அனுப்பினார்கள்.

அரியலூரில் சிமென்ட் ஆலை பக்கத்துப் பள்ளி ஒன்று, சான்றிதழோடு ஜூனில் வந்தால் வேலை என்று சொல்லியிருந்தது. அந்த இடத்துக்கு என்னோடு படித்தவளே போனாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதபடி வீடு வந்தேன். மறு வருடம் வேறு துணி தைத்து, தேர்வு எழுதி, கண்ட பள்ளிகளிலும் வேலை பார்த்து, கடைசியில் அதே அரியலூர் பள்ளிக்கு வந்து சேர எனக்கு எத்தனையோ வருடம் பிடித்தது. இடையில் எத்தனையோ பேரை மன்னித்திருக்கிறேன். மேடத்தை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன். ஊறுகாய் ஜாடியைத் திறந்து பார்ப்பதுபோல அவ்வப்போது எடுத்துப் பார்ப்பேன். கெட்டுப் போகவே இல்லை.

போன வருடம் எங்கள் தாளாளர் என்னைக் கூப்பிட்டார். பெரம்பலூரில் சென்டர் நடத்திய ஒரு மேடம், சென்டரை மூடிவிட்டு, நம் பள்ளிக்கு ஆலோசகராக வர விரும்புகிறார், மாதிரி வகுப்பு எடுக்கிறார் என்றார். "ஆறு வயசுக்கு மேல உள்ள பிரிவு உங்க பொறுப்பு டீச்சர். நீங்க சரின்னா சரி."

மேடம் ஆட்டோவிலிருந்து இறங்கினார். முடி நரைத்திருந்தது. புடவை அதே காட்டன். கையில் துணிச் சுருள். மைதானத்துக்கு எடுத்து வந்தபோது சூரிய வெளிச்சத்தில் பச்சைத் தையல் மின்னி மறைந்தது. அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு என்னிடமே நுனியை நீட்டினார். "கொஞ்சம் புடிச்சுக்கம்மா."

"நீங்க புடிங்க மேடம். நான் உருட்டறேன். எங்க பிள்ளைங்க எங்க குரலுக்குப் பழகினதுங்க."

தாளாளர் தலையாட்டினார். மேடம் என்ன செய்வார்? பிடித்துக்கொண்டார். நான் பிள்ளைகளோடு நடந்தேன். அவசரமே படவில்லை. கடலில் கொஞ்ச நேரம் நின்றேன், மரங்களிடம் கொஞ்ச நேரம் நின்றேன். லாரி போன சாலைத் தூசி கறுப்புத் துணியில் வெள்ளையாக இறங்கியது. திரும்பிப் பார்த்தபோது மேடம் ஒரு கையிலிருந்து மறு கைக்கு நுனியை மாற்றிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. நன்றாக இருந்தது.

சிவப்புப் பட்டை வந்தது. பிள்ளைகள் குனிந்தார்கள். ஒரு சிறுமி அதன்மேல் விரலை வைத்து அளந்து பார்த்து, "இவ்ளோதானா அக்கா?" என்றாள். நான் தைத்த அந்தத் துணியில் நான் பார்த்த முதல் முகம் அது. "யாருக்கா தெச்சது?" என்றான் இன்னொருவன். "நான்தான்" என்றேன், தாளாளர் காதில் விழும்படி. பச்சைத் தையலையும் காட்டினேன்.

சுருட்டிக்கொண்டே மேடத்திடம் வந்தேன். அவர் என்னை உற்றுப் பார்த்தார்.

"நீ... வேப்பந்தட்டையா?"

"ஆமாங்க மேடம்."

அவர் கை துணிக்காக நீண்டது. "இது ஸ்கூல்லயே இருக்கட்டும்" என்றேன். தாளாளர் என்னைப் பார்த்தார். "இன்னும் ஒரு வருஷம் கவனிக்கட்டும் சார்" என்றேன். குரலில் தேன் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. மேடம் ஆட்டோவில் ஏறினார்.

இப்போதும் அந்தத் துணியை விரிக்கிறேன். நுனியைப் பிடிக்க எந்தப் பிள்ளையையும் நிறுத்துவதில்லை. எல்லாரும் என்னோடு கடைசி வரை வர வேண்டும். நுனி மேல் ஒரு சுண்ணாம்புக் கல்லை வைத்துவிட்டால் போதும், துணி அசையாது. இந்த ஊரில் கல்லுக்கா பஞ்சம்? மேடம் வந்த அன்றும் அந்தக் கல் அலமாரிக்குக் கீழேதான் கிடந்தது.