நாற்பத்தோரு அடி

அம்மாவாசைக்கு வயது அறுபத்திரண்டு. உழவர்கரையில் முப்பத்தொரு வருடமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். கிளட்ச், பிரேக், ஆயில் எல்லாம் பார்ப்பார். எஞ்சின் மாற்றும் வேலையை மட்டும் 2013-க்குப் பிறகு பன்னிரண்டு வருடம் தொடவில்லை. கேட்டவர்களிடம் இடுப்புவலி என்றார். உண்மைக் காரணம் சக்கரபாணி.

சக்கரபாணி பத்துக்கண்ணில் கரும்பு போட்டவர், அம்மாவாசையின் கூட்டாளி. ஏலத்தில் எடுத்த பழைய ராணுவ ஜீப்புக்குப் பெட்ரோல் ஊற்றிக் கட்டுப்படியாகாமல், டீசல் எஞ்சின் போடச் சொன்னார். அக்டோபர் 13, ஞாயிற்றுக்கிழமை, ஆயுத பூஜை. அன்றைக்கு வண்டி வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்றார்.

எஞ்சின் உட்கார்ந்தது, ஓடியது. ஒன்றுதான் பாக்கி. பிரேக் மிதிக்கும் காலுக்குத் துணை செய்யும் பூஸ்டர், காற்றை உறிஞ்சி எடுத்தால்தான் வேலை செய்யும். பெட்ரோல் எஞ்சின் தானே உறிஞ்சிக் கொடுத்துவிடும். டீசலுக்குத் தனியாக ஒரு பம்ப் வேண்டும். அந்தப் பம்ப் வந்து சேர்ந்தபோது மாலை மணி ஐந்து. அதற்குள் ஸ்பேனர்கள் சந்தனம் குங்குமத்தோடு படையலில் இருந்தன. படைத்ததை மறுநாள் காலை வரை எடுப்பதில்லை.

வண்டி இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். அம்மாவாசை சொல்லவில்லை. காலையில் வரவழைத்து மாட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு மாலையோடு புறப்பட்ட ஜீப்புக்குக் கையசைத்தார். வீட்டுக்குப் போய்ப் பூஜை முடித்து மறுபடி கிளம்பிய சக்கரபாணி, 7.40 மணிக்கு ஊசுட்டேரி வளைவில் புளியமரத்தில் மோதி இறந்தார். வாயில் சாராய வாடை இருந்தது. குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊர் முடித்துக்கொண்டது. அம்மாவாசையும் அதையே பிடித்துக்கொண்டார். ஆனாலும் மறுநாள் போய், வளைவுக்கும் மரத்துக்கும் நடுவே காலடியால் அளந்துவிட்டு வந்தார். முப்பது அடி.

அதற்குப் பிறகு எந்த வண்டியில் ஏறினாலும், பிரேக் மிதி உள்ளே இறங்கும் வரை அவர் மூச்சு விடமாட்டார். தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போதும் வலது கால் தானாக நீண்டு எதையோ அழுத்தும். ஊதுபத்தி கொளுத்தாத நாளிலும் கடையில் சந்தனம் மணக்கும். மற்றவர்களுக்கு மணப்பதில்லை.

2025 ஜூலையில் ரொலான் வந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பதினெட்டு வருடம் இருந்துவிட்டு, பென்ஷனோடு ஊருக்குத் திரும்பியவர். அங்கே ஐயா என்பதற்கு முசே என்பார்கள்; ஊரும் அவரை அப்படியே கூப்பிட்டது. அவரிடமும் ஒரு பழைய ராணுவ ஜீப்.

"எஞ்சின் வேல பாக்கறதில்ல முசே. இடுப்பு."

"இடுப்பாலயா எஞ்சின் மாத்துவ? நீ உக்காந்து சொல்லு, நான் தூக்கறேன்."

வேனிலிருந்து கழற்றிய டீசல் எஞ்சினை ரொலான் கையோடு கொண்டுவந்திருந்தார். அதில் பம்ப் பூட்டியே இருந்தது. அதைத் தடவிப் பார்த்த பிறகுதான் அம்மாவாசை சரி என்றார்.

பழைய எஞ்சினை இறக்கி, தாங்கிகளை வெட்டிப் புதிதாகப் பற்றவைத்து, டீசலை ஏற்ற பதினோரு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் நாள் காலை, கடைக்கு எதிரே சிமெண்ட் ரோட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். வளைவில் திரும்பும் வேகமான இருபது கிலோமீட்டரில் வந்து கோட்டின் மேல் பிரேக் அடித்தார். பதினான்கு அடியில் ஜீப் நின்றது. இறங்கி, பம்புக்குப் போகும் ஓஸைக் கழற்றிவிட்டு மறுபடி வந்தார். மிதி சுவர் மாதிரி இருந்தது. இரண்டு காலையும் வைத்து அழுத்தினார். நின்ற இடத்தில் இன்னொரு கோடு போட்டு, டேப் பிடித்தார்.

"என்னா மேஸ்திரி, எஞ்சின் மாத்தச் சொன்னா ரோட்ல கோலம் போட்டுக்கினு இருக்க?"

"நாப்பத்தோரு அடி முசே."

"அதுக்கு இன்னா?"

"மரம் முப்பதுல இருந்துச்சி."

எந்த மரம் என்று ரொலானுக்குப் புரியவில்லை. அம்மாவாசை ஓஸைத் திரும்ப மாட்டி, கிளிப்பை இரண்டு முறை முறுக்கி, வண்டியை ஒப்படைத்தார். பன்னிரண்டு வருடமாகச் சாராயத்தின் மேல் போட்டு வைத்திருந்த பழி இனி அங்கே நிற்காது.

மறுநாள் பெரிய மார்க்கெட்டுக்குப் போனார். சக்கரபாணியின் மனைவி ராஜாம்பாள் அங்கே பூ விற்கிறார்.

"வாண்ணே. பன்னெண்டு வருசமா இந்தப் பக்கம் தல காட்டல. இன்னிக்கு யாருக்கு மால?"

அவர் நின்றபடியே சொன்னார். பம்ப், படையல், கையசைத்தது, நாற்பத்தோரு அடி. பூத் தொடுத்த விரல்கள் நின்றன.

"ஒரு கிளாசு," என்றார் ராஜாம்பாள். "நல்ல நாளுன்னு நாந்தாண்ணே ஊத்திக் குடுத்தேன். அந்தக் கிளாசு இன்னும் ஊட்டுல இருக்குது. கழுவுறேன், வைக்கிறேன். அதுல யாரும் தண்ணி குடிச்சதில்ல."

"எனக்குத் தெரியாதும்மா."

"உனக்குத் தெரிஞ்சத நீ சொன்னியா?"

அவர் குனிந்து, கீழே விழுந்திருந்த ஒரு பூவை எடுத்துக் கூடையில் போட்டார்.

"எங்கிட்ட சொல்லி இன்னா? கவிநிலா கிட்ட வந்து சொல்லு. குடிச்சி செத்தவன் படம் எதுக்குன்னு, பெத்த அப்பன் படத்த மாட்ட உடமாட்டேங்குறா. எட்டு வயசுல ஆரம்பிச்சது. இப்ப இருவது."

சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்றுதான் அம்மாவாசை வந்திருந்தார். ராஜாம்பாள் விற்காத பூவை ஈரச் சாக்கில் சுற்றி எழுந்தார். 11.20 பஸ்ஸில் ஏறினார்கள். ராஜாம்பாளின் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அம்மாவாசை உட்காரவில்லை. பத்துக்கண்ணு வரை நின்றுகொண்டே போனார்.