கை தூக்கின புள்ள

உங்க கிளாஸ்ல ஒரு சின்னப் புள்ள கை தூக்கினா மொதல்ல இன்னா கேப்பீங்க? நான் கேட்டது, "இன் இங்கிலீஷ் ப்ளீஸ்."

எனக்கு இருபத்திமூணு வயசு. பி.ஏ. இங்கிலீஷ் முடிச்சிட்டு, கள்ளக்குறிச்சி பக்கத்துல ஆரம்பப் பள்ளி டீச்சருங்களுக்கு இங்கிலீஷ் எப்படி நடத்தறதுன்னு ட்ரெய்னிங் குடுக்கறேன். என் வயச விட ஜாஸ்தி சர்வீஸ் போட்டவங்கல்லாம் நோட்ட வச்சிக்கினு எதிர்ல ஒக்காந்திருப்பாங்க. கெத்தா தான் இருந்துச்சு, பொய் சொல்லல. நான் போட்டது ஒரே ரூலு: பீரியடு முடியற வரைக்கும் தமிழ் வாய்ல வரக்கூடாது. புள்ளைங்களுக்கும் சரி, டீச்சருக்கும் சரி.

போன வாரம் வெள்ளிமலைக்கு மேல ஒரு ஸ்கூல்ல மாடல் கிளாஸ். நெஜப் புள்ளைங்கள ஒக்கார வச்சி நான் நடத்தணும், பின்னாடி நின்னு டீச்சருங்க பாக்கணும். பத்து நிமிஷம் செம்மையா போச்சு. ஒரு சார் போன்ல வீடியோ எடுத்துட்டு, போதும்னு பாக்கெட்ல போட்டுக்கினாரு.

அப்பறம் செவுத்தோரம் ஒக்காந்திருந்த ரெண்டாங்கிளாஸ் பொண்ணு கை தூக்குச்சு.

"சார்..."

"இன் இங்கிலீஷ் ப்ளீஸ்!"

வாயத் தொறந்துச்சு, மூடிக்கிச்சு. மத்த புள்ளைங்க சிரிச்சுதுங்க, நானும் சிரிச்சேன். அது கைய எறக்கி, காலப் புடிச்சிக்கினு குனிஞ்சிக்கிச்சு. வெக்கப்படுதுன்னு நெனச்சி அடுத்த படத்தக் காட்டினேன்.

பின்னாடிலருந்து அந்த ஸ்கூல் டீச்சரம்மா, ஐம்பது வயசு இருக்கும், "சார், தட் கேர்ள்... தட்..."னு தெணறினாங்க.

"கமான் மேடம், ஃபுல் சென்டன்ஸ்!"

அந்தம்மா தமிழ்லயே கத்திட்டாங்க. "அடப் போய்யா, தேளு!"

பாய்க்கு அடில செந்தேளு. கை தூக்கறதுக்கு முன்னாடியே கொட்டிருக்கு.

ஆஸ்பத்திரிக்குப் போற ஜீப்புல டீச்சரம்மா மடியில புள்ள. நெத்தி பூரா வேர்வ, கை காலு ஐஸு. ரெண்டு வாட்டி வாந்தி. செத்துருமோன்னு பயந்துட்டேன். "தம்பி, கொட்டி எத்தினி நிமிஷம் ஆச்சுன்னு டாக்டரு கேப்பாரு. நீயே சொல்லு"ன்னாங்க. "ஃபுல் சென்டன்ஸா சொல்லு." அது கை தூக்கின நேரத்துலருந்து வெரல் விட்டு எண்ண ஆரம்பிச்சேன்.

பொழச்சிக்கிச்சு. ரெண்டு நாளு பெட்டுல வச்சிருந்து வூட்டுக்கு அனுப்பிட்டாங்க.

அத்தோட பயம் போயிடும்னு பாத்தா, இப்ப தான் ஜாஸ்தியா கீது. தேளு கொட்டுனது எல்லாருக்கும் தெரியும். என் ரூலால தான் லேட்டாச்சுன்னு அங்க நின்ன அஞ்சாறு பேருக்கு தான் தெரியும். அந்த சார் எடுத்த பத்து நிமிஷ வீடியோ மட்டும் டீச்சருங்க வாட்ஸ்அப் குரூப் பூரா சுத்திக்கினு இருக்கு. "சூப்பர் சார், நாங்களும் இதே ரூலு போட்டுட்டோம்." ஒரு மேடம் போர்டுல 'நோ தமிழ்'னு எழுதி போட்டோ வேற. அதுல மொத வரிசைல ஒரு பையன் கைய பாதி தூக்கி வச்சிருக்கான். பெருசு பண்ணிப் பண்ணி பாத்தேன், எதுக்கு தூக்கினான்னு தெரியல.

இன்னிக்கு காலைல மெசேஜ் போட்டேன்: 'அந்த ரூலு தப்புங்க, விட்டுருங்க. புள்ள எந்த பாஷைல கூப்ட்டாலும் நின்னு கேளுங்க.' ஒரு சார் மட்டும் பதில் போட்டாரு: "இன்னா சார், அதுக்குள்ள பேக் அடிக்கறீங்க?"

இப்ப மணி பத்து. எல்லா ஸ்கூல்லயும் இங்கிலீஷ் பீரியடு நடந்துக்கினு இருக்கு.