என் வெள்ளை வலைக்குக் கறுப்பு அடித்தவர்

போன வருடம் பங்குனித் தொடக்கத்தில், அண்ணனூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நடந்தது இது. பிழைப்புக்கு நான் ஐ.டி. கம்பெனியில் டெஸ்டராக இருக்கிறேன். அடுத்தவர் எழுதிய புரோகிராமில் எங்கே ஓட்டை என்று தேடிப் பிடிப்பதுதான் வேலை. அந்தக் கை அரிப்பு வீட்டுக்கு வந்த பிறகும் அடங்காது.

தேனீ வளர்க்கும் ஆசை எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். என் மனைவி இன்றுவரை அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு பண்ணையில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போனேன். திரும்பும்போது ஒரு மரப்பெட்டி, அதற்குள் ஒரு கூட்டம் தேனீ, புகை போடும் டப்பா, முகத்தை மறைக்கும் வலை தைத்த தொப்பி என்று ஆட்டோ நிறைய ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினேன்.

பயிற்சியில் ஒன்று அழுத்திச் சொல்லியிருந்தார்கள். தேனீக்குக் கறுப்பு ஆகாது, பெட்டிப் பக்கம் போகும்போது வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும் என்று. வீட்டில் தொப்பியை எடுத்துப் பார்க்கிறேன், அதில் முகத்துக்கு நேராக வரும் வலை கன்னங்கரேல் என்று இருக்கிறது! விற்பவர்களுக்கே இது தெரியவில்லையே என்று எனக்கு ஒரே பெருமை. அம்பத்தூரில் ஒரு தையல்கடையில் கொடுத்து, கறுப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு, வெள்ளைக் கொசுவலையை வைத்துத் தைத்து வாங்கினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய கண்டுபிடிப்பு அல்லவா!

சில மாதம் நன்றாகத்தான் போனது. மாசியில் ஒருநாள் பாதிக்கு மேற்பட்ட தேனீக்கள் பழைய ராணியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டன. பதறிப்போய்ப் பண்ணைக்காரருக்குப் போன் செய்தேன். கூட்டம் பெருத்தால் அப்படித்தான் பிரியும், மிச்சம் இருப்பவை புது ராணியை உண்டாக்கிக்கொள்ளும், மூன்று வாரம் பொறுங்கள் என்றார். புது ராணி வெளியே பறந்துபோய்த் துணை சேர்ந்துவிட்டு வரும். வந்து முட்டை வைத்துவிட்டால் பிழைத்தது. போகிற வழியில் ஏதாவது பறவை கொத்திவிட்டால் அதோடு சரி, ராணி இல்லாத பெட்டி கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துவிடும்.

மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெட்டியைத் திறப்பேன், அடையோடு மரச்சட்டத்தைத் தூக்குவேன், குழி குழியாகப் பார்ப்பேன். காலியாகத்தான் இருக்கும். அந்த முட்டை இருக்கிறதே, அறுந்த நூல் துணுக்கைவிடச் சிறியது. குழியின் அடியில் நிற்கும். மூன்றாவது வாரக் கடைசியில் பண்ணைக்காரரிடம், "முட்டை இல்லை, ராணி போய்விட்டது" என்று அடித்துச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ராணி உள்ள வேறு பெட்டியைக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்துவிடலாம் என்றார். கூடவே ஒரு எச்சரிக்கையும் விட்டார்.

"நல்லாப் பார்த்துட்டீங்கதானே? உள்ளே ராணி இருந்து, நாம இன்னொண்ணை விட்டோம்னா, ஒண்ணை ஒண்ணு கொன்னுடும்."

"சார், பார்க்கிறதுதான் என் வேலையே" என்றேன். இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அதே வாரத்தில்தான் வெயிலுக்கு முன்னால் மொட்டை மாடிக்கு வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தது. திருவேற்காட்டிலிருந்து வரும் ஒரு பெண் பெயிண்டர். முப்பது வயது இருக்கும். நைட்டிக்கு மேல் ஆண்கள் சட்டை, தலையில் துண்டு. பெட்டியை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினால் தேனீக்களுக்கு வழி தப்பிவிடும் என்று நான் ஒரு பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சார், அத்த வுட்டுட்டு சுத்தி அடிச்சிக்கிறேன்" என்று வேலையை ஆரம்பித்துவிட்டார்.

சனிக்கிழமை காலை, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். எதிரே சூரியன், கீழே புதுசாக அடித்த வெள்ளைத் தரை, கண்ணுக்கு நேராக வெள்ளை வலை. வலைக்கு உள்ளே மூக்குக் கண்ணாடி வேறு வேர்வையில் ஆவி படிந்துபோய் இருந்தது. அந்தப் பெயிண்டர் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார் தேடறே?"

"அதெல்லாம் உனக்குப் புரியாதும்மா. தூரமா நில்லு."

அப்படித்தான் சொன்னேன். நீ, வா, போ என்றுதான் பேசினேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பிரஷ்ஷை டப்பாவில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"எனுக்குப் புரியாட்டி போவட்டும். உனக்கு இன்னாத்த தெரியும், வெள்ளை வலைய மூஞ்சில மாட்டிகினு? கொசுவலை ஜன்னலுக்கு நாங்க எப்பவும் கறுப்புதான் அடிப்போம். வெள்ளை அடிச்சா வெயிலு அதுமேலயே பட்டுத் தெறிக்கும், வெளியே ஒண்ணியும் தெரியாது. கறுப்பு அடிச்சா வலை கீறதே தெரியாது. ஊட்டுக்காரங்க தினிக்கும் கேக்கறதுதான் சார்."

எனக்கு மண்டையில் நறுக்கென்று ஒரு குட்டு விழுந்த மாதிரி இருந்தது. சட்டை என்ன நிறம் என்பது தேனீயின் சமாச்சாரம். வலை என்ன நிறம் என்பது என் கண்ணின் சமாச்சாரம். இரண்டையும் போட்டுக் குழப்பி, சரியாக இருந்ததைக் கிழித்துப் போட்டவன் நான். மூன்று வாரமாக நான் பார்த்ததெல்லாம் வலையைத்தான்.

"இங்க குடு" என்று தொப்பியை வாங்கிக்கொண்டார். குழாய்களுக்கு அடிக்கக் கறுப்பு பெயிண்ட் வைத்திருந்தார். பிரஷ்ஷைப் பேப்பரில் துடைத்துத் துடைத்து, வலைக்கண் ஒன்றுகூட அடைபடாமல், முகத்துக்கு நேராக வரும் இடத்தில் மட்டும் அடித்தார். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வாடை போக வேண்டும், தேனீக்கு ஆகாது என்று மெதுவாகச் சொன்னேன். துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, "நாளிக்குப் பாரு" என்று வேலைக்குத் திரும்பினார்.

ஞாயிறு காலை எட்டரை மணி. பண்ணைக்காரர் பெட்டியோடு கிளம்பிவிட்டதாகப் போன் வந்தது. அவசர அவசரமாகத் தொப்பியை மாட்டினேன். அடேயப்பா! தேனீயின் காலில் ஒட்டியிருந்த மகரந்தப் பொடிகூடத் தெரிந்தது. வலை என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. ஆனால் குழியின் அடி மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கீழே சாய்த்தால் ஆவி படிகிறது, மேலே தூக்கினால் மங்குகிறது. மணி ஏறிக்கொண்டே போனது. எனக்கு அழுகை வராத குறை.

இரண்டாவது கோட் அடிக்க வந்திருந்த அவர், "தள்ளு சார், நான் பாக்கறேன்" என்றார்.

"கொட்டும்மா..."

"சாரத்துல நின்னுகினு மூணாவது மாடிக்கு வெளிப்பக்கம் அடிக்கிறேன். இது கொட்டித்தான் சாவப்போறனா?"

என் வெள்ளைச் சட்டை, தொப்பி, கையுறை எல்லாம் அவருக்குப் போனது. கையுறையை மட்டும் வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் படிக்கட்டுக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தேன். ஜன்னல் ஓரம் கோடு பிசகாமல் அடிக்கிற கை அல்லவா, சட்டத்தை ஒரு தேனீகூட நசுங்காமல் தூக்கினார். தூக்கியதும் செய்த முதல் காரியம், அப்படியே திரும்பி சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றதுதான். வெளிச்சம் அவர் தோளுக்கு மேலாகப் போய் நேராகக் குழிக்குள் விழுந்தது. பெட்டிக்குப் பின்னால் சூரியனைப் பார்த்தே நின்று பழகிய எனக்கு இத்தனை நாளும் அது தோன்றவில்லை. தேனீக்கள் அவர் விரல்மேல் ஏறி இறங்கின. அவர் அசையவில்லை.

"சார், குழிக்குள்ள வெள்ளையா என்னமோ நிக்கிது. ஊசி மாரி."

முட்டையேதான்! ஆனாலும் சந்தோஷப்பட்டுவிடவும் முடியாது. ராணி இல்லாத பெட்டியில் சில சமயம் வேலைக்காரத் தேனீக்களே தாறுமாறாக முட்டை போட்டு வைக்கும். அப்போது ஒரு குழியில் இரண்டு, மூன்று கிடக்கும்.

"ஒரு குழிக்கு எத்தனைம்மா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க!"

என்னை அறியாமல் 'சொல்லுங்க' என்று வந்தது. அவர் சட்டத்தை மெல்ல மெல்லச் சாய்த்து, ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் சார். எல்லாத்துலயும் ஒண்ணு. அச்சு வெச்சா மாரி நட்ட நடுவுல."

ராணி இருந்தது. துணை சேர்ந்து, பறவைக்குத் தப்பி, சொந்தப் பெட்டிக்குத் திரும்பி வந்து, ஓரிரு நாளாக முட்டை வைத்துக்கொண்டிருந்தது. அதைச் சாகடிக்க நானே இன்னொரு ராணியை வரவழைத்துக்கொண்டிருந்தேன். உடனே பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன். திருமுல்லைவாயில் வரை வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "கறுப்பு வலையைப் பிரிக்கச் சொன்னது யாருய்யா?" என்று அவர் வாங்கிய வாங்கு, பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவருக்கும் கேட்டிருக்கும். எனக்கு அது திட்டாகவே படவில்லை. சிரித்துக்கொண்டே கேட்டேன்.

பெயிண்டர் தொப்பியைக் கழற்றி என்னிடம் நீட்டினார். முகமெல்லாம் வேர்வை. "அம்மாடி, இன்னா அழகா கட்டிவெச்சிக்கீது சார். ஒரு மட்டம் இல்ல, நூலு இல்ல, ஆறு பக்கமும் ஒரே அளவு. எங்க மேஸ்திரி பாக்கணும் இத்த" என்றார். பெட்டி வந்த நாளிலிருந்து முட்டை உண்டா, தேன் உண்டா என்று மட்டுமே பார்த்த நான் அந்த அடையின் அழகை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. முதல்நாள் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அட போ சார், பெயிண்ட்டு காஞ்சிப்பூடும்" என்று பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெட்டி இன்று இரண்டு பெட்டியாகியிருக்கிறது. ஆபீசிலோ வீட்டிலோ எதையாவது "இல்லை" என்று சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம், அந்த ஞாயிற்றுக்கிழமை என் அவசரத்தால் சாக இருந்த ஓர் உயிர் நினைவுக்கு வந்து, "என் கண்ணில் படவில்லை, நீங்கள் ஒருமுறை பாருங்கள்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிவிட்டுத் தள்ளி நிற்கிறேன்.